உட்பக்கம் தொங்கிய பூட்டு

எங்கள் வீட்டுப் பூட்டு கதவுக்கு உட்பக்கம்தான் தொங்கும். பித்தளைப் பூட்டு, என் சின்ன வயதில் அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டும், அத்தனை கனம். அதன் சாவியை அம்மா தாலிக்கொடியில் ஊக்கு போட்டு மாட்டியிருந்தாள். வெளியே போகும்போது வீட்டைப் பூட்டுவதுதான் உலக வழக்கம். நாங்கள் உள்ளே இருக்கும்போது பூட்டிக்கொண்டோம். வெளிப்பக்கத்துக் கொண்டிக்கு வேலையே இல்லாமல் போய், அது துருவேறி, ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அசைக்கவே சிரமமாக இறுகிவிட்டது. என்னோடு படித்த பிள்ளைகள், "உங்க ஊட்டுல என்ன புதையலா இருக்குது?" என்று கேலி செய்வார்கள். இருந்தது. ஆனால் அது சுவருக்குள் இருந்தது, எடுத்துக் காட்ட முடியாது.

அந்த வீட்டுக்கு வரும் முன் நாங்கள் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், பொதுவாக ஒரு குளியலறை. அப்பா லேத் பட்டறையில் டர்னர். சம்பளம் வந்ததும் வாடகை, கரண்டுக்கு வீட்டுக்காரர் போடும் கணக்கு, தண்ணீருக்கு என்று எடுத்து வைத்தால் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். அம்மா இதைப் புலம்பலாகச் சொல்ல மாட்டாள், விளையாட்டாகத்தான் சொல்வாள். மாதத்தின் முதல் பாதி அப்பா வீட்டுக்காரருக்காக லேத் ஓட்டுகிறார், மறுபாதிதான் நமக்காக என்பது அவள் கணக்கு. மாதத்தின் நடுவில் ஒரு நாள் காலை, சாப்பாட்டுத் தூக்கை அப்பா கையில் கொடுக்கும்போது, "ஏனுங்க, இன்னையிலிருந்து நமக்குங்க" என்பாள். அன்றைக்குத் தூக்கில் சோற்றின் மேல் ஒரு முட்டை இருக்கும். அப்பா திறந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுப்பார். எனக்கும் தம்பிக்கும் அது ஒரு குட்டி நோம்பி, பண்டிகை மாதிரி. ஆனால் வருஷா வருஷம் வாடகை ஏறியது. அந்த முட்டை நாள் ஒவ்வொரு நாளாகப் பின்னுக்குத் தள்ளிப் போனது. ஒரு வருஷம் தேதி இருபதைத் தொட்டபோது அம்மா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, முட்டையை மட்டும் வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா போக்கியத்துக்கு ஒரு வீடு கொண்டு வந்தார். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டால், மூன்று வருஷத்துக்கு வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். அப்பாவின் பங்குக்குக் கோபிப் பக்கம் இருந்த துண்டு நிலத்தை விற்றார்கள். அது போதவில்லை. அந்தியூரில் இருந்த என் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், தகப்பன் இல்லாத தங்கைக்குக் கல்யாணத்தில் போட்ட நகை முழுவதும் போயிற்று. அம்மா கழுத்தில் தாலிக்கொடி மட்டும் மிஞ்சியது. எங்கள் வீட்டின் எல்லாமும் அந்தத் தொகைக்குள் அடங்கிவிட்டது. அது திரும்பி வராவிட்டால் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது எங்களுக்கே, பிள்ளைகளுக்கே, தெரியும்.

வீட்டுக்காரர் அப்பாவுக்கு ஒரே குலதெய்வத்துக்காரர். கோயில் பொங்கலில் பேச்சுக் கொடுத்து, எந்த ஊர், யார் வகையறா என்று விசாரித்து, பங்காளி முறை என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். வயதில் மூத்தவர். அதனால் எங்களுக்கு அவர் பெரியப்பா, அம்மாவுக்கு மாமா முறை. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். போக்கியத்தைப் பத்திர ஆபீசில் பதிவு பண்ணிக்கொள்ளலாமா என்று. அப்பா முகம் சிவந்துபோயிற்று. "ஒரே கோயில்ல பொங்க வெக்கறவங்க. பதிவு பண்ணிக் குடுங்கன்னு கேட்டுப்போட்டு, அப்புறம் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்கறது?" என்றார். வெறும் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கேட்பதே அவமானம் என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிற இந்த மரியாதை எங்கள் பக்கத்து மனிதர்களை எத்தனை முறை கவிழ்த்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தே ஏழெட்டுக் கதைகள் சொல்ல முடியும். ஆனாலும் இன்று என் சொந்தத்தில் யாரிடமாவது போய் நான் கேட்பேனா என்றால், தெரியவில்லை.

முதல் வருஷம் நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். தனி வீடு, தனிக் குழாய், வாசலில் ஒரு முருங்கை மரம். முழுச் சம்பளமும் வீட்டுக்கு வந்த முதல் மாதம் அம்மாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒன்றாம் தேதியே அப்பாவின் தூக்கில் முட்டையை வைத்து, "ஏனுங்க, இன்னையிலிருந்து நமக்குங்க" என்றாள். பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தோம். தம்பிக்கு ஷூ வந்தது. அம்மா ஒரு சீட்டில் சேர்ந்தாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அந்த ஒரு வருஷத்தில்தான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நடுப்பகலில், முழுக்கைச் சட்டையை இன் பண்ணிய ஓர் ஆள் டேப்போடு வந்தார். காம்பவுண்டைச் சுற்றி அளந்தார். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நானும் அம்மாவும் வாசலில் நிற்கிறோம். எங்களைப் பார்த்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. "ஏனுங்க, ஆருங்க நீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "ஓனருக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடியிருக்கிற வீட்டை ஓர் அந்நியன் அளந்துவிட்டுப் போவதைப் பார்ப்பது எத்தனை பெரிய பயம் என்று எனக்கு அன்று தெரிந்தது. அவர் தட்டிய இடத்தில் அம்மா கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் கணவர் கோர்ட்டில் குமாஸ்தா. அவர் விசாரித்துச் சொன்னார். பெரியப்பாவுக்குச் சூலூரில் இருந்த தறிக்கூடம் நஷ்டத்தில் படுத்துவிட்டது. வீட்டை வைத்து பேங்கில் கடன் வாங்கியிருக்கிறார். இப்போது வீட்டைக் காலியாகக் காட்டி விற்றுக் கடனை அடைக்கப் பார்க்கிறார். எங்கள் முத்திரைத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு குமாஸ்தா அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க உள்ள இருக்கறவரைக்கும் உங்களத் தாண்டித்தானுங்க எதையும் செய்யோணும். ஊடு பூட்டிக் கெடந்து, அவரு பூட்ட உடைச்சு வேற பூட்டப் போட்டுப்போட்டா, அப்புறம் காலம் பூரா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையோணும்" என்றார். அன்று சாயங்காலமே பூட்டு உட்பக்கம் ஏறியது. வீட்டில் எந்த நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது சட்டமானது.

அந்தச் சட்டத்தோடு இரண்டு வருஷத்துக்குக் கிட்ட வாழ்ந்தோம். கோயில் நோம்பிக்கு மூன்று பேர் போனால் ஒருவர் இருக்க வேண்டும். ஒறம்பரைச் சொந்தங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அப்பா மட்டும் போய் மொய் வைத்துவிட்டு வருவார். அம்மாவுக்குத் திமிர் வந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவள் காதில் விழும்படியே பேசினார்கள். கேட் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள், வேறு சத்தம் எதுவும் இல்லாமல் கேட்பதற்காக. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் யாரோ நடக்கும் ஓசைக்கு எழுந்து உட்கார்ந்தாள். நானும் அப்படித்தான் ஆனேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே, இப்போது கதவில் வேறு பூட்டு தொங்குமோ என்று நினைப்பேன். சாயங்காலம் தெருமுனையில் இருந்தே கண் கதவைத்தான் தேடும். கொண்டி வெறுமையாக இருந்தால் மூச்சு வரும்.

இதில் மிகவும் பயப்படுத்தியது பெரியப்பாவின் மரியாதைதான். அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. மொபெட்டின் முன்னால் ஒரு பையில் தேங்காயை வைத்துக்கொண்டு வருவார். "அம்மணி, தோட்டத்துக் காயிங்க. கொழந்தைகளுக்கு ஆச்சுங்க" என்று படியில் வைப்பார். தம்பி தலையைத் தடவி, "கண்ணு நல்லாப் படிக்கறீங்களா?" என்பார். பத்து வயதுப் பையனுக்கு 'படிக்கறீங்களா'. பிறகு போகிற போக்கில், "காலி பண்றதப் பத்திப் பங்காளிகிட்டச் சொன்னீங்களாங்க? பணத்துக்கு என்னங்க, எங்க போயிரும், குடுத்தர்லாமுங்க" என்பார். அம்மா படி தாண்டி வராமல், "பணம் வந்தா அந்த நிமிசமே சாவியக் குடுத்தர்றமுங் மாமா" என்பாள். அவர் வார்த்தையில் 'ங்க' கூடக் கூட, பையில் தேங்காய் கூடக் கூட, அம்மாவின் முகம் வெளிறிப்போகும். அந்தத் தேங்காயில் அரைத்த சட்னியை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. எங்களுக்கு மட்டும் வைத்தாள்.

மாமா இறந்துபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் டீச்சரம்மா வீட்டுப் போனுக்குச் செய்தி வந்தது. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வரப்பிலேயே விழுந்துவிட்டார். அம்மா சத்தம் போட்டு அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பா பையில் துணியை எடுத்து வைத்துவிட்டு, "நீ கொழந்தைகளக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. நான் ஊட்டுல இருக்கறேன்" என்றார். மச்சான் சாவுக்கு மாப்பிள்ளை போகாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. அப்பா அதற்கும் துணிந்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க இருந்தா அவரு வருவாரு. ஏப்பா பங்காளி, வா ஒரு டீ குடிச்சுப்போட்டு வரலாம்னு கூப்புடுவாரு. மாட்டேன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியாதுங்க."

அது உண்மை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பூட்டிவிட்டு எல்லோரும் போவோம், வருவது வரட்டும் என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா வேண்டாம் என்று தலையை அசைத்தாள். "எங்கண்ணன் போட்ட நகை பூராவும் இந்தச் செவுத்துக்குள்ள தானுங்க இருக்குது. அத உட்டுப்போட்டு எந்த மூஞ்சியோட நான் அவரப் போயிப் பாக்கறது?" என்றாள். நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். படியிறங்கும்போது பின்னால் கொண்டி விழும் சத்தமும் பூட்டு இறுகும் சத்தமும் கேட்டன.

அந்தியூரில் மாமா வீட்டு வாசல் முழுக்கக் கூட்டம். பந்தலுக்குள் நாங்கள் நுழைந்ததும் எல்லாத் தலைகளும் எங்கள் பின்னால் இன்னொருவரைத் தேடின. கூடப் பிறந்தவள் வர வேண்டும் என்று மாமாவை எடுக்காமல் வைத்திருந்தார்கள். மாமாவின் மனைவி, என் அத்தை, அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்து, "உங்கம்மா எங்க கண்ணு?" என்று கேட்டாள். "ஊட்டுல இருக்குதுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "கூடப் பொறந்தவன் சாவ விட ஊடு பெருசாப் போச்சா?" என்றாள் அத்தை. அதற்குப் பிறகு அவள் எங்கள் யாருடனும் பேசவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு கடைசியில் நின்றார்.

அதே நேரம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை, மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்த டீச்சரம்மாதான் பிறகு சொன்னார். பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரியப்பா வந்திருக்கிறார். கூட ஓர் ஆட்டோவில் இரண்டு ஆட்கள். கோயில் சொந்தத்துக்குள் சாவுச் செய்தி எத்தனை வேகமாகப் பரவும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்தவள் குடும்பத்தோடு போயிருப்பாள் என்பதையும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டைத் திறந்து வந்து கொண்டியைப் பார்த்திருக்கிறார். வெறுமையாக இருந்திருக்கிறது. கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். அப்போது ஜன்னலில் அம்மா.

"அம்மணி... கேதத்துக்குப் போகலீங்களா?"

"இல்லீங் மாமா."

"பொறந்தவங்க போகாம இருக்கலாமுங்களா? ஊரு என்னங்க பேசும்?"

"பேசட்டுமுங்க."

பெரியப்பா முருங்கை மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்ததாகச் சொன்னாராம். பிறகு மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். கூட வந்தவன் கையில் இருந்த மஞ்சள் பை ஜன்னலுக்கு நேராக வந்தபோது, அதற்குள் காகிதம் கூடப் பிரிக்காத புதுப் பூட்டு இருந்ததை அம்மா பார்த்தாள். ஆனால் அதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் தேங்காய் கொண்டு வரவில்லை.

இருட்டுவதற்குள் நாங்கள் திரும்பி வந்தோம். கேத வீட்டிலிருந்து வந்தவர்கள் குளிக்காமல் உள்ளே போகக் கூடாது. அம்மா பின்வாசல் வழியாக வெந்நீர்க் குண்டாவை நகர்த்தி வைத்தாள். அவள் தலை நனைந்து, ஈரச் சேலையோடு இருந்தாள். அண்ணனுக்காக, பூட்டிய வீட்டுக்குள், தனியாகத் தலைமுழுகியிருந்தாள். "எடுத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா தலையசைத்தார். என்ன நடந்தது என்று அவள் அன்று சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தவள், கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே போட்டுவிட்டு, எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

பணம் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் வீட்டை வாங்க வந்தவர், உள்ளே ஆள் இருக்கிற வீட்டை வாங்க மாட்டேன் என்று சொல்லி, தன் முன்பணத்திலிருந்தே எங்கள் போக்கியத் தொகையை முதலில் கொடுக்க வைத்தார். பெரியப்பா கடைசி வரை மரியாதையாகத்தான் பேசினார். நாங்கள் மீண்டும் வாடகை வீட்டுக்குப் போனோம். அம்மா அந்தப் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். பணத்தில் ஒரு பகுதிக்கு நகை வாங்கலாம் என்று அப்பா சொன்னதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள். அத்தை வீட்டு வாசலை அவள் அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. இரண்டு முறை தேடிப் போய், இரண்டு முறையும் தெருமுனையோடு திரும்பி வந்தாள் என்று அப்பா சாகும் முன் ஒருநாள் சொன்னார்.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். சரவணம்பட்டிப் பக்கம் நானும் என் கணவரும் கடன் போட்டு வாங்கிய ஃபிளாட். அவர் பம்ப் கம்பெனியில் இருக்கிறார், நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில். இருவர் சம்பளத்திலும் பாதிக்கு மேல் ஐந்தாம் தேதி பேங்குக்குப் போய்விடுகிறது. மிச்சத்தில் மெயின்டனன்ஸ், தண்ணி லாரி. யாரும் டேப்போடு வந்து அளப்பதில்லை. பேங்க் பணத்தை எடுத்ததும் போனில் ஒரு சின்னச் சத்தம் வரும், அவ்வளவுதான். நாலாம் தேதியிலிருந்தே அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பேன். அம்மாவின் கணக்கை நானும் போட்டுப் பார்ப்பேன். எங்கள் முட்டை நாள் மாதத்தின் இருபது வாக்கில் வருகிறது. இந்த மாதம் அவர் கம்பெனியில் ஆர்டர் இல்லை, பாதி நாள்தான் வேலை, பாதிச் சம்பளம்தான். இந்த மாதம் அந்த நாள் வரவே வராது.

இங்கே குடி வந்தபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், கதவின் உட்பக்கம் அந்தப் பழைய பூட்டை மாட்ட ஒரு கொண்டி. கதவோடு சேர்ந்த பூட்டே இருக்கிறதே என்று தச்சர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அடித்துத் தரச் சொன்னேன்.

போன மாதம் அத்தை போன் செய்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறை. பேரனுக்குக் கல்யாணமாம். "உங்கம்மாளக் கூட்டிக்கிட்டு வா கண்ணு. எனக்கும் வயசாயிப்போச்சு. பாத்துப்போடலாம்னு இருக்குது" என்றாள். அம்மாவிடம் சொன்னபோது அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை. அரக்கு நிறப் பட்டுச் சேலையை வெயிலில் போட்டு எடுத்தாள். தினமும் ஒருமுறை தேதியைக் கேட்டாள். நேற்றுக் காலை குளித்து, பூ வைத்து, எல்லோருக்கும் முன்னால் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். கார் வந்துவிட்டது, என் கணவரும் பிள்ளைகளும் லிஃப்டுக்குப் போய்விட்டார்கள். நான் கையைப் பிடித்து எழுப்பினேன். வாசல்படிக்கு வந்தவள் நின்றாள்.

"ஏங்கண்ணு, இந்த ஊட்டுக்குப் பேங்க்ல எல்லாம் கட்டி முடிச்சுப்போட்டீங்களா?"

"இன்னும் பதினோரு வருசம் இருக்குதும்மா."

"மாப்பிள்ளைக்குப் பாதி நாளுதான் வேலைன்னு பேசிக்கிட்டீங்க."

"அது இந்த மாசம் மட்டுந்தாம்மா. பேங்க்காரங்க அப்படியெல்லாம் வந்து பூட்ட மாட்டாங்க. வா, நேரமாச்சு."

"வாரவன் சொல்லிப்போட்டா வருவான்?" என்றாள் அம்மா. என் கையை மெல்ல விலக்கினாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் இருக்கறேன்."

அவளை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அத்தையின் பெயரைச் சொல்லி அழுதிருக்கலாம். இது அந்த வீடு இல்லை, இதில் எல்லாம் பதிவு செய்திருக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். பதிவு செய்திருக்கிறோம்தான், ஆனால் பத்திரம் பேங்கில் இருக்கிறது. கீழே கார் ஹாரன் அடித்தது. மண்டபத்து வாசலில் அத்தை கேட்கப் போகிற கேள்வி எனக்குத் தெரியும். நான் சொல்லப் போகிற பதிலும் தெரியும், அதை நான் சின்ன வயதிலேயே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

பட்டுச் சேலையோடு அம்மா கதவைச் சாத்தினாள். நான் அங்கேயே நின்றேன். கொண்டி விழுந்தது. பிறகு பூட்டு இறுகியது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது.